கடலடி மின்வடம்: மதகு யார் கையில்?

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆந் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு வந்திருந்த வேளையில் கைச்சாத்தான உடன்படிக்கைகளுள் ஒன்று, இந்திய மின்சார வலையமைப்பையும் இலங்கை மின்சார வலையமைப்பையும் உயர் அழுத்த நேரோட்டத் தொடுப்பினால் இணைத்து, மின்சாரத்தை வாங்கவும் விற்கவும் வழி செய்வது பற்றியதாகும். அது நாட்டை அடகு வைக்கும் செயல் என்று தென்னிலங்கையில் ஒரு சாரார் கூக்குரலிட்டனர். இருளிலிருந்து நம்மைக் கரையேற்றும் தோணி இதுவே என்று மற்றொரு சாரார் மகிழ்ந்தனர். உடன்படிக்கையின் முழு வாசகம் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. வாசகத்தைக் காணாமலே எதிர்த்தவரும், காணாமலே போற்றியவரும் ஒரே குற்றத்தைச் செய்தவராவர்.

அக்கரையில் இருப்பது தமிழ்நாடு என்பதனால் நாம் இத்திட்டத்தைத் தழுவப்போவதில்லை. வருவது இந்தியாவிலிருந்து என்பதனால் வெறுக்கப்போவதுமில்லை. மன்னார்க் கடலுக்கு இது புதிய எண்ணமுமன்று. 1914 ஆம் ஆண்டிலிருந்து, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலோடியது. கொழும்பில் புகைவண்டி ஏறியவர் அக்கரையில் இறங்கி மறுவண்டி பிடித்துச் சென்னை சேர்ந்தார். அதனால் எந்த நாடும் எந்த நாட்டையும் விழுங்கிவிடவில்லை. மின்வடம் பற்றிய ஆராய்ச்சிக்கென 2010 ஆம் ஆண்டிலேயே இரு அரசாங்கங்களும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. மதுரையிலிருந்து அநுராதபுரம் வரை தொடுப்பது என்பது அந்நாளைய யோசனை. பதினைந்து ஆண்டுகள் சென்ற பின் மறுபடியும் ஓர் உடன்படிக்கை. கடதாசி நீண்டதேயன்றி வடம் நீளவில்லை.

இத்தகைய வடம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நமது கமக்காரர் அறிந்துகொள்வது நன்று. பொறியியலாளர் மட்டுமே அறிந்திருக்கும் விஷயத்தில் பொதுமக்கள் ஏமாறுவது எளிது. நம் வீடுகளில் ஓடுவது ஆடலோட்டம். செக்கனுக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி ஓடுவது. நிலத்தின் மேல் கம்பத்தில் கட்டிய கம்பிக்கு இதனால் பெருங் குறையில்லை. கடலுக்கு அடியில் இட்ட வடத்தில் நிலைமை வேறு. உள்ளே ஓடும் செம்புக் கம்பியும் வெளியே போர்த்த உலோகக் கவசமும் மிக நெருங்கியிருப்பதால், வடம் முழுவதுமே மின்னைத் தேக்கிக்கொள்ளும் நீண்ட பாத்திரமாகிவிடுகிறது. திசை மாறும் ஒவ்வொரு முறையும் அப்பாத்திரத்தை நிறைத்து வெறுமையாக்க வேண்டும். கிணற்றில் இறைத்த நீரை மண்வாய்க்கால் வழியிலேயே குடித்துவிட, கடைசிப் பாத்திக்குச் சொட்டுகளே எஞ்சுவதைத் தோட்டம் செய்தவர் அறிவார். தூரம் ஏற ஏற ஆடலோட்ட வடத்தின் கதியும் அதுவே. நேரோட்டத்திலோ பாத்திரம் ஒருமுறை நிறைந்தால் போதும். ஆகவே ஒரு கரையில் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிக் கடலைக் கடத்தி, மறு கரையில் மீண்டும் ஆடலோட்டமாக்குகின்றனர். அதற்கென இரு கரையிலும் பெருஞ் செலவில் மாற்று நிலையங்கள் அமைக்கப்படுகின்றன.

1954 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்தார் தமது பெருநிலத்திலிருந்து கொத்லாந்து என்னும் தீவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம் கடலடியில் ஒரே வடத்தை இட்டு, திரும்பும் வழிக்குக் கடல்நீரையே கம்பியாக வைத்து, 20 மெகாவாற்று மின்சாரம் அனுப்பினார்கள். வணிக முறையில் நடந்த முதற் கடலடி நேரோட்டத் தொடுப்பு அதுவே. இரு நாடுகளுக்கிடையிலான வடம் 1961 இல் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவே இடப்பட்டது. அதன் கொள்ளளவு 160 மெகாவாற்று. அவ்விரு நாட்டாரும் பல நூற்றாண்டு சண்டையிட்டவர். எனினும் ஒரு தேசத்தில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் நேரம் மற்றத் தேசத்தில் வேண்டப்படும் நேரமன்று என்பதைக் கண்டு, இருவரும் இலாபமடையத் துணிந்தனர். அந்த வடம் கடற்படுக்கையின்மேல் வெறுமனே கிடந்தமையால் நங்கூரங்களும் மீன்பிடி மடிகளும் அதனைப் பலமுறை சிதைத்தன. 1986 இல் 2,000 மெகாவாற்றுக்குப் புதுத் தொடுப்பு அமைத்தபோது கடற்படுக்கையில் அகழி வெட்டிப் புதைத்தனர். அவ்வாறு புதைத்த எட்டு வடங்களில் நான்கினை 2016 நவம்பர்ப் புயலின்போது ஒரு கப்பலின் நங்கூரம் கிழித்தது. இழுவைமடி இரவு பகலாக அடித்தளத்தை வாரும் பாக்குக் கடலிலே வடம் இட நினைப்பவர் இச்சரித்திரத்தை முதலிற் படிக்கக் கடவர்.

நமது கடல் குறுகியது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றரே. அவ்வளவு தூரத்துக்கு ஆடலோட்ட வடமே போதுமே என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. விடை 2012 ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆந் திகதிகளில் இருக்கிறது. அவ்விரு நாட்களில் இந்தியாவின் வட, கிழக்கு, வடகிழக்கு வலையமைப்புகள் சரிந்து 60 கோடி மக்கள் வாழும் பிரதேசங்கள் இருண்டன. ஆடலோட்டத்தால் பிணைக்கப்பட்ட வலையமைப்புகள் ஒரே தாளத்தில் ஆடுபவை. ஒன்று தடுக்கினால் மற்றதும் விழும். பருத்த யானையின் காலில் கட்டிய கன்றைப் போலச் சிறிய வலையமைப்பு இழுபடும். நேரோட்டத் தொடுப்போ குளத்து மதகை ஒப்பது. எவ்வளவு நீர், எந்தப் பக்கம், எந்நேரம் என்று அளந்து விடலாம். அக்கரையில் வெள்ளம் வந்தால் அடைத்துவிடலாம்.

மதகு என்று சொன்ன மாத்திரத்தில் வன்னிக் கமக்காரர் கேட்கும் அடுத்த கேள்வியை நாம் அறிவோம். அதன் திறப்பு யார் கையில்? இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி மக்கள் இக்கேள்வியைத்தான் எழுப்பினர். யாழ்ப்பாணத்தார் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை. மழை பொய்த்த ஆண்டில் முதற் பங்கு எவருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டுமென்றே கேட்டனர். இரு நாடுகளுக்கு இடையிலும் அதே வழக்குத்தான்.

இங்கிலாந்துக் கால்வாயில், பிரெஞ்சுக் கரைக்கு அண்மையில், ஜேர்சி என்றொரு தீவு உண்டு. பிரித்தானிய முடிக்கு உட்பட்டது; ஒரு இலட்சம் பேர் வாழ்வது. அதன் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் கடலடி வடங்கள் வழியாகப் பிரான்சிலிருந்து வருகிறது. தூரம் குறைவானபடியால் அவை ஆடலோட்ட வடங்கள். நாம் சொல்ல வந்த பாடத்தை அது மாற்றவில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின், ஜேர்சிக் கடலில் பிரெஞ்சு மீனவருக்கு எவ்வளவு உரிமை என்பதில் தகராறு மூண்டது. 2021 மே மாதத்தில் பிரெஞ்சுக் கடல்விவகார அமைச்சர் அனிக் ஜிரார்தான் தமது பாராளுமன்றத்தில் எழுந்து, எமக்குப் பதிலடி கொடுக்கும் வழிகள் உள்ளன என்று கூறி, அத்தீவின் மின்வடங்களைச் சுட்டிக்காட்டினார். சில நாட்களில் பிரெஞ்சு மீன்பிடிப் படகுகள் தீவின் துறைமுகத்தை மறித்தன. பிரித்தானியா இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் மீன்பிடித் தகராறு தொடங்கியதும் அமைச்சரின் கை எதனை நோக்கி நீண்டது என்பதைக் கவனியுங்கள்.

பாக்குக் கடலில் மீன்பிடித் தகராறு எத்தனை ஆண்டுகளாகப் புகைகிறது என்பதை யாழ்ப்பாணத்து, மன்னார்க் கரையோரத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இராமேசுவரத்துப் படகுகள் கைப்பற்றப்படும் ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்து புதுடில்லிக்குக் கடிதம் போகிறது. நாளை வடம் வந்த பிறகு, அக்கடிதங்களில் ஒன்றேனும் வடத்தை நினைவூட்டாது என்று எவர் உறுதி கூறுவார்? கொழும்பிலிருக்கும் ஓர் அமைச்சரும் மின்விலையைக் குறைத்துப் பெறும் ஆசையில் நமது மீனவரின் வலையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் எங்கே? மின்சாரத்தையும் மீனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது உடன்படிக்கையிலேயே தெளிவாக இருத்தல் வேண்டும்.

கடன் பாக்கியும் ஆளியை அசைக்கும். 2024 ஆம் ஆண்டின் இறுதியில், பங்களாதேசம் செலுத்த வேண்டிய தொகை நிலுவையானமையால், ஜார்க்கண்டு மாநிலத்தில் இந்தியத் தனியார் நிறுவனமொன்று நடத்தும் கோட்டா அனல்நிலையத்திலிருந்து அந்நாட்டுக்குச் சென்ற மின்சாரம் பாதியளவுக்குக் குறைக்கப்பட்டது. விற்பவன் பணம் கேட்பது நியாயமே. 2022 இல் எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த நாடு, இறக்குமதி மின்சாரத்துக்கும் டொலர்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்கலாகாது. நிலக்கரிக் கப்பல் வராவிட்டாலும் இருள்தான், வடத்துக்குப் பணம் கட்டாவிட்டாலும் இருள்தான்.

ஆயினும் இவற்றைக் கண்டு வடமே வேண்டாம் என்போர் கட்சியில் நாம் சேரவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைக்க. நண்பகலுக்குச் சற்று முன் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என அமைச்சர் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு தானாகவே வந்து சேர்ந்தது! ஆனால் ஒரு குரங்கினால் ஒரு தேசம் இருளுமாயின் குறை குரங்கிடம் இல்லை. தேவை குறைந்த விடுமுறை நாளில், வெயில் மின்சாரம் பெரும் பங்கு வகித்த வேளையில், ஒரு சிறு அதிர்ச்சியைத் தாங்கும் வலு அத்தனிமைப்பட்ட வலையமைப்பிடம் இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைகளில் சூரியத் தகடு பூட்டியவர்கள் பகலில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. கடன்பட்டுத் தகடு பூட்டியவரிடம் அதனை நிறுத்தச் சொல்வது, விளைந்த நெல்லை அறுக்காதே என்று கமக்காரனுக்குச் சொல்வது போன்றது. அன்று அக்கரைக்கு ஒரு வடம் இருந்திருப்பின் அந்த மின்சாரம் விலைபோயிருக்கும்.

அதே 2025 பெப்ரவரி 9 ஆந் திகதியில் பூமியின் மறு கோணத்தில் நடந்ததையும் குறிப்பிட விரும்புகிறோம். எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா என்னும் மூன்று சிறிய நாடுகள், மொஸ்கோவிலிருந்து தாளம் போடப்பட்ட பழைய சோவியத் வலையமைப்பை முந்திய நாள் விட்டு விலகி, அன்று மேற்கு ஐரோப்பிய வலையமைப்போடு இணைந்துகொண்டன. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் கடலடி வடங்களை முன்னதாகவே இட்டு வைத்திருந்தமை அத்துணிவுக்குப் பெருந் துணையாயிற்று. சிறிய நாட்டுக்கு ஒரே வடம் கட்டுத்தறி ஆகலாம். பல வடங்கள் அதன் கையை விடுவிக்கவும் கூடும். எனினும் அங்கேயும், 2024 டிசம்பர் 25 ஆந் திகதி எஸ்தோனியாவையும் பின்லாந்தையும் இணைத்த 650 மெகாவாற்று வடம் அறுந்தது. நங்கூரத்தை இழுத்துச் சென்றது என்று சந்தேகிக்கப்பட்ட எண்ணெய்க் கப்பலைப் பின்லாந்து மறித்தது. வடத்தைத் திருத்திச் சேவைக்குக் கொண்டுவர 2025 ஜூன் ஆயிற்று. கப்பலதிகாரிகள் மீதான வழக்கையோ, சம்பவம் தன் ஆட்சிக்குட்பட்ட கடலில் நிகழவில்லை என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் தள்ளிவிட்டது. நமக்கு அச்சங்கடம் இல்லை. பாக்கு நீரிணையில் இரு நாட்டு எல்லையும் 1974 இலேயே வகுக்கப்பட்டாயிற்று. வடத்தைச் சிதைப்பவர் எந்த நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பதை இரு அரசாங்கங்களும் இன்றே எழுதிவைக்கலாம்.

வடத்தின்மேல் தலையைச் சாய்த்து உறங்கியவர் கதை அவுஸ்திரேலியாவில் உண்டு. தஸ்மேனியா ஒரு தீவு மாநிலம். நம்மைப் போலவே நீர்வீழ்ச்சி மின்சாரத்தில் வாழ்வது. 2006 இல் அதனைப் பெருநிலத்தோடு 500 மெகாவாற்று நேரோட்ட வடம் இணைத்தது. கடலடியில் மட்டும் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். விலை நன்றாயிருந்த சில ஆண்டுகளில் நீர்த்தேக்கங்களைத் திறந்து மின்சாரத்தை விற்றனர். வறட்சி வந்தால் வடம் இருக்கிறதே என்று எண்ணி, 2015 இல் தம் வாயு மின்நிலையத்தின் பெரும் பகுதியை விற்கவும் ஆயத்தமாயினர். அவ்வாண்டு மழை பொய்த்தது. டிசம்பர் 20 ஆந் திகதி வடம் பழுதாயிற்று. கடலில் பழுதான இடத்தைத் தேடிப் பிடித்து, வெட்டி, ஒட்டிச் சீராக்க ஏறக்குறைய ஆறு மாதம் சென்றது. நீர்த்தேக்கங்கள் எட்டில் ஒரு பங்களவுக்கு வற்றின. விற்க நினைத்த நிலையத்தை மீண்டும் ஓட்டினர். டீசல் யந்திரங்களை அடுக்கினர். தொழிற்சாலைகள் வேலையைச் சுருக்கின. இலங்கையின் உச்சத் தேவை 2,500 மெகாவாற்றைச் சற்றுத் தாண்டுவது. அதில் ஐந்நூறோ ஆயிரமோ ஒரு வடத்தில் தொங்குமாயின், வடம் அறும் கணத்தில் மீதி வலையமைப்பு நிற்குமா விழுமா என்று பார்க்க வேண்டும். வடம் வருகிறது என்று சொல்லி உள்நாட்டு நிலையங்களைப் பழுதுபார்க்காமல் விடுவாராயின், அது தஸ்மேனியர் செய்த அதே பிழை.

விற்பனை செய்வதிலும் வில்லங்கம் உண்டு. நோர்வே தேசத்தில் நீர்மின்சாரம் மலிவு. 2021 இல் ஜேர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் ஒவ்வொன்றும் 1,400 மெகாவாற்றான இரு வடங்கள் ஓடத் தொடங்கின. அந்தப் பனிக்காலத்தில் ஐரோப்பாவின் வாயு விலை ஏற, தென் நோர்வேயின் மின்விலையும் முன்னொருபோதும் காணாத அளவுக்கு ஏறிற்று. வடங்கள் எவ்வளவுக்குக் காரணம், வறண்ட தேக்கங்கள் எவ்வளவுக்குக் காரணம் என்று நிபுணர் வாதிட்டனர். வீட்டுக்காரரும் பண்ணைக்காரரும் வடத்தையே பழித்தனர். அரசாங்கம் மின்கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்க நேர்ந்தது. ஸ்கொத்லாந்துக்கு இடவிருந்த இன்னொரு வடத்துக்கு 2023 இல் அனுமதி மறுக்கப்பட்டது. கமக்காரர் கட்சியாக 1920 இல் பிறந்த மையக் கட்சி, ஐரோப்பிய மின்சாரச் சட்டங்களை ஏற்பது குறித்த பிணக்கில் 2025 ஜனவரியில் அரசாங்கத்தை விட்டே வெளியேறியது. இரண்டு சந்தைகளை இணைத்தால் மலிவான பக்கத்தில் விலை ஏறும் என்பது வெங்காயம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்த கணக்கு. அந்த இலாபம் எவர் பையில் விழுகிறது என்பதே வழக்கு.

இங்கேதான் மன்னார் வருகிறது. சோளகம் வீசும் மாதங்களில் இத்தீவில் மின்சாரம் விளையும் வயல் மன்னாரும் பூநகரியும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாடிகள் 103.5 மெகாவாற்றுக்குச் சுழல்கின்றன. அதன் மேல் இன்னும் காற்றாடிகள் வேண்டாமென்று 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடியும் வாய்க்கால்கள், பனங்காணிகள், பறவைகள், மீன்பாடு என்று அவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்காமல், அவர்கள் அபிவிருத்தியின் விரோதிகள் என்று சிலர் எழுதினர். வடம் வருமானால் மன்னார்க் காற்று ஏற்றுமதிப் பண்டமாகும். நிலம் மன்னாருடையது, கடல் மன்னாருடையது, காற்று மன்னாருடையது. டொலர் மட்டும் கொழும்புக்குப் போகுமா? கரையில் நிற்கும் மாற்று நிலையத்துக்கு எத்தனை ஏக்கர், எவர் காணி, புதைக்கும் அகழிக்காகக் கடலில் எத்தனை மாதம் தொழில் நிறுத்தப்படும் என்பவை பற்றி அம்மக்களைக் கேட்டவர் எவர்?

சுன்னாகத்தில் நடந்ததை மறந்துவிட்டு எவரும் நம்மிடம் மின்சாரத் திட்டம் பேச வரக்கூடாது. வலிகாமத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அங்கிருந்த டீசல் மின்நிலையத்தால் விளைந்த கேட்டுக்காக மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் கட்டளையிட்டது. கிணறுதான் யாழ்ப்பாணத்துக் கமம். அதனை அழுக்காக்கிய பின் ஆண்டுகள் பல சென்று கிடைக்கும் காசு வெங்காயப் பாத்திக்கு நீராகாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கான காற்று, சூரிய மின்திட்டத்தை 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுப்பதும், டில்லி முகம் சுளித்ததும் 2022 இல் இந்திய நன்கொடைத் திட்டமாக மாற்றுவதுமாக அரசாங்கம் ஆடிய ஆட்டத்தையும் கண்டோம். வல்லரசுகளின் சதுரங்கத்தில் நமது தீவுகள் காய்களாயின. தீவு வாசிகளோ விளக்குக்குக் காத்திருந்தனர்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. உடன்படிக்கையின் வாசகம் முழுவதும் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட்டு, பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படல் வேண்டும். மின்சாரம் இரு திசையிலும் ஓடுவதற்கு, வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் முன்கூட்டியே கணிக்கத்தக்க முறையில் எழுதப்படல் வேண்டும். துண்டிப்பதாயின் எத்தனை நாள் முன்னறிவித்தல், பிணக்கைத் தீர்க்கும் நடுவர் எவர் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஏற்றுமதி வருமானத்தில் ஒரு குறித்த பங்கு மன்னார், கிளிநொச்சி மாவட்டங்களின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு, ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் மானியமாக அல்லாமல், சட்டப்படி உரிய வருமானமாகச் சேர வேண்டும். வடம் செல்லும் பாதையை மன்னார் மீனவர் சங்கங்களோடும் இராமேசுவரத்து மீனவரோடும் ஒரே மேசையில் இருந்து தீர்மானிக்க வேண்டும். இரு கரை மீனவரும் ஒருமித்துப் பேசும் சந்தர்ப்பம் அரிது. இழுவைமடியைக் கைவிடுவது பற்றிய பேச்சும் அம்மேசையிலேயே நடக்கலாம், ஏனெனில் அடித்தளத்தை வாரும் மடி ஓயாத கடலில் புதைத்த வடம் நெடுநாள் வாழாது. இதனைச் சொல்வதற்கு டில்லியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. பேசாலையில் வலை பின்னுபவரைக் கேட்டாலே போதும்.

வடக்கு, கிழக்கைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை. இவ்விஷயத்தில் உங்கள் குரல் இதுகாறும் எமது காதுக்கு எட்டவில்லை. மாற்று நிலையத்துக்கான காணி சுவீகரிப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும் வரை காத்திருப்பீர்களாயின், அப்பொழுது எஞ்சியிருப்பது நட்டஈட்டுத் தொகை பற்றிய பேரம் மாத்திரமே.